கருதாக் கொலையும் அதன் கணக்கும்

மீனவனையும் உழவனையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் ஓர் உவமை நம் சிராவகாசார நூல்களில் உண்டு. வலை வீசிக் காத்திருக்கும் மீனவனுக்கு அன்று ஒரு மீனும் அகப்படாமற் போகலாம். ஆயினும் கொலைக் கருத்தோடு இருந்தமையால் இம்சையின் பயன் அவனைச் சேர்கிறது. ஏர் பூட்டி உழும் உழவனின் கொழுமுனையில் எண்ணிறந்த சிற்றுயிர்கள் மாய்கின்றன. ஆயினும் அவன் கருத்து பயிரின்மேலதே அன்றிக் கொலையின்மேலது அன்று. ஆதலின் மீனவனுக்குரிய பாவம் அவனுக்கு இல்லை. கருத்தே வினையின் வித்து என்பதை விளக்க எழுந்தது இவ்வுவமை. தலைமுறை தலைமுறையாக உழவைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இது ஆறுதல் தந்த உவமையும் ஆகும்.

ஆனால் இக்காலக் கடல் தொழில் இவ்வுவமைக்குள் ஒரு புதிய வினாவை நுழைத்திருக்கிறது. ஒருவன் சூரை மீனைக் கருதி வலையை வளைக்கிறான். அதில் டால்பின்கள் சிக்கி மூச்சடைத்து இறக்கின்றன. மற்றொருவன் இறாலைக் கருதி மடி இழுக்கிறான். அதில் ஆமையும், குஞ்சு மீனும், நண்டும், கடற்குதிரையும் அரைபட்டு இறக்கின்றன. இவற்றை அவன் கருதவில்லை, விரும்பவில்லை, இவற்றால் அவனுக்கு வருவாயும் இல்லை. சூரையைப் பொறுத்தவரை அவன் உவமையில் வரும் மீனவன். டால்பினைப் பொறுத்தவரையோ அவன் உவமையில் வரும் உழவன் அன்றோ? கருத்து இல்லாததால் அக்கொலைக்கு அவன் பொறுப்பாளி அல்லன் என்று கூறிவிடலாமா? கூடாது எனின், உழவர்களாகிய நம்மையும் அதே வினா தொடர்ந்து வரும். ஆதலின் இதைக் கடலோடு நின்றுவிடும் செய்தியாகக் கொள்ளாமல், நம் அறநெறியைச் சார்ந்த ஒரு வினாவாகவே சிந்திப்போம்.

வேண்டாத பலியின் அளவு

வலையில் பிடிபட்டு, விற்பனைக்கு ஆகாது என்று செத்தோ குற்றுயிராகவோ கடலிலேயே எறியப்படும் உயிர்களின் எடையை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு மதிப்பிட்டு வந்துள்ளது. அதன் 1994ஆம் ஆண்டு அறிக்கை, உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2 கோடியே 70 லட்சம் டன் என்றது. 2005ஆம் ஆண்டு அறிக்கை 73 லட்சம் டன் என்றது. 2019ஆம் ஆண்டு அறிக்கை 91 லட்சம் டன் என்கிறது. அதாவது பிடிபடுவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதிலும் ஏறக்குறையப் பாதி, கடலின் அடித்தரையை வாரிச் செல்லும் இழுவைமடிகளால் நேர்வது. மதிப்பிட்ட முறைகள் வேறு வேறாதலின் இவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டுவிட முடியாது. எனினும் எந்த எண்ணைக் கொண்டாலும், யாருடைய பசியையும் தீர்க்காமல், யாருடைய பைக்கும் பணம் சேர்க்காமல் மடியும் உயிர்களின் கூட்டம் இது என்பது தெளிவு.

ஒருவருக்கும் பயன்படாத இக்கொலை ஏன் நிற்காமல் நடக்கிறது? பொருளியலார் கூறும் விடை எளியது. படகின் கணக்கேட்டில் எரிபொருளுக்கு ஒரு பத்தி உண்டு. பனிக்கட்டிக்கு, வலைக்கு, ஆட்கூலிக்கு ஒவ்வொரு பத்தி உண்டு. எறியப்பட்ட உயிருக்கு மட்டும் பத்தி இல்லை. அதன் விலையைப் படகுக்காரனும் கொடுப்பதில்லை, மீனை வாங்குபவனும் கொடுப்பதில்லை. அவ்வுயிர் தானே கொடுக்கிறது. ஆனால் அவ்வுயிரைக் காக்க வேண்டுமாயின் செலவு உண்டு. வேறு வலை வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும், பிடித்ததில் ஒரு பகுதி தப்பிப் போவதற்கும் இசைய வேண்டும். கொல்வதற்குச் செலவு இல்லை, காப்பதற்குச் செலவு உண்டு என்னும் நிலையில், நல்ல மனம் படைத்தவன்கூடத் தன் அயலானோடு போட்டியிட்டுத் தோற்கத் துணிவதில்லை. கொடியோர் கூடிச் செய்த கொலை அன்று இது. கணக்கில் ஒரு பத்தி விடுபட்டதால் நேர்ந்த கொலை.

கிழக்குப் பசிபிக் கடலில் நடந்தது

அப்பத்தியை எழுதினால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்குப் பசிபிக் கடல் ஒரு தெளிவான சான்று. மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்க நாடுகளுக்கும் மேற்கே பரந்துள்ள அக்கடற்பகுதியில், மஞ்சள் துடுப்புச் சூரைகள் டால்பின் கூட்டங்களுக்கு அடியிலேயே நீந்திச் செல்லும் வழக்கம் உடையவை. டால்பினை நம் கரையோரத்தார் ஓங்கில் என்பர். மூச்சு விடுவதற்காக அது அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும். எனவே எளிதில் கண்ணுக்குத் தெரியும். டால்பினைக் கண்டால் கீழே சூரை உண்டு என்று மீனவர் அறிந்தனர். 1950களின் இறுதியில் நைலான் வலையும், அதை இழுக்கும் எந்திரமும் வந்தன. விரைவுப் படகுகளால் டால்பின் கூட்டத்தைத் துரத்தி வளைத்து, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள சுருக்குமடியால் சுற்றி அடியைச் சுருக்கினால் சூரை மொத்தமாக அகப்பட்டது. டால்பின்களும் உடன் அகப்பட்டு மடிந்தன. 1960களில் ஆண்டுக்குச் சில லட்சம் டால்பின்கள் இவ்வாறு இறந்தன. தொடக்கம் முதல் இத்தொழிலில் இறந்தவை 60 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

இதற்கு முதல் மாற்றைக் கண்டவர்கள் மீனவர்களே என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். சூரையை வளைத்தபின் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தினால் வலையின் மறுமுனை நீண்டு, அதன் மிதவைக் கயிறு சற்றே நீருள் அமிழும். அவ்வழியே டால்பின்கள் வெளியேறும். ஆழத்தில் நிற்கும் சூரை உள்ளேயே நிற்கும். இம்முறையை அவர்கள் தொழிலிலேயே கற்றனர். பின்னர் ஹெரால்ட் மெடினா என்னும் கப்பல் தலைவர், டால்பினின் மூக்கும் துடுப்பும் சிக்காதபடி சிறு கண்களையுடைய வலைத்துண்டு ஒன்றை அவ்விடத்தில் இணைத்தார்; அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மீனவரை இரக்கமற்றவர் என்று பொதுப்படக் கூறுவோர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1972இல் அமெரிக்கா கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1970களின் இறுதிக்குள் அந்நாட்டுக் கப்பல்களில் ஆண்டு இறப்பு 20,000 அளவுக்கு இறங்கியது. ஆனால் கப்பல் உடைமையாளர் பலர் சட்டம் தீண்டாத பிற நாடுகளின் கொடிக்குத் தம் கப்பல்களை மாற்றிக்கொண்டனர். பிற நாடுகளின் கப்பல்களும் பெருகின. 1986இல் அக்கடலில் மொத்த இறப்பு மீண்டும் 1,30,000ஐத் தாண்டியது. ஓர் இடத்தில் தடுத்த இம்சை வேறோர் இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

1988இல் சாம் லபுட் என்பவர் ஒரு கப்பலில் பணியாளராகச் சேர்ந்து எடுத்த படக்காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வெளியாயிற்று. மக்கள் டப்பியில் அடைத்த சூரையை வாங்க மறுத்தனர். 1990 ஏப்ரலில் அந்நாட்டின் மூன்று பெரிய சூரை நிறுவனங்களும், டால்பினை வளைத்துப் பிடித்த சூரையை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தன. ‘டால்பினுக்குத் தீங்கற்றது’ என்னும் முத்திரை பிறந்தது.

பொதுக் கணக்கும் தனிக் கணக்கும்

ஆயினும் இறப்பை வேரோடு குறைத்தது வேறு ஓர் ஏற்பாடு. 1992இல் கலிபோர்னியாவின் லா ஹோயா நகரில் அக்கடலின் மீன்பிடி நாடுகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதற்கு முன்னர் அமெரிக்கச் சட்டத்தில் அந்நாட்டுக் கப்பல்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே வரம்பு இருந்தது. பொது வரம்பில் ஒரு பெருங்குறை உண்டு. கவனமாகத் தொழில் செய்பவனும், கவனமின்றிச் செய்பவனும் அதில் ஒன்றே. ஒருவன் சிரத்தையோடு நூறு உயிரைக் காத்தால், அந்த நூறை வேறொருவன் தன் அலட்சியத்தால் செலவிட்டுவிடுவான். காத்தவனுக்கு மிஞ்சுவது இழப்பு மட்டுமே.

புதிய உடன்பாடு அதை மாற்றி ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் தனி வரம்பு வைத்தது. ஒவ்வொரு பயணத்திலும் பார்வையாளர் ஒருவர் கப்பலிலேயே இருந்து இறப்பை எண்ணி எழுதினார். வரம்பு தீர்ந்த கப்பல் அவ்வாண்டு முழுவதும் டால்பின் கூட்டத்தின்மீது வலை வளைக்கக் கூடாது. நல்ல விலை போகும் பெரிய சூரைகள் கிடைப்பது அவ்வழியில்தான்; ஆகவே அலட்சியத்தின் இழப்பு அலட்சியம் செய்தவன் தலையிலேயே விழுந்தது. 1992இல் 15,000க்கும் மேல் இருந்த இறப்பு, 1993இல் சுமார் 3,600 ஆயிற்று. அவ்வாண்டுக்கு அனுமதித்த மொத்த வரம்போ 19,500. வரம்பு 19,500 இருக்க 3,600இலேயே நின்றது ஏன்? ஒவ்வொருவரும் தம் பங்கு தீர்ந்துவிடுமோ என்று முதல் நாளிலிருந்தே விழிப்போடு இருந்தமையால் அன்றோ? வலையைச் சுற்றி நீந்தி டால்பின்களைக் கையால் தூக்கிவிடவும் ஆள் அமர்த்தினர். 1999இல் நடைமுறைக்கு வந்த அடுத்த உடன்பாடு மொத்த வரம்பை 5,000 ஆக்கியது; அண்மை ஆண்டுகளில் பதிவான இறப்பு ஆயிரத்துக்கும் கீழே நிற்கிறது.

இதில் நாம் கண்டு கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. 1992இல் இருந்த மீனவரே 1993இலும் இருந்தனர். அவர்களது கருத்து மாறவில்லை. டால்பினைக் கொல்ல வேண்டும் என்று அவர்கள் முன்னும் கருதவில்லை, பின்னும் கருதவில்லை. மாறியது விழிப்பு. கருத்தை மட்டும் கொண்டு அளந்தால் இரண்டு ஆண்டுகளும் சமம். இறந்த உயிர்களின் பக்கம் நின்று பார்த்தால் இடையில் உள்ள வேறுபாடு பதினோராயிரத்துக்கும் குறையாது.

செலவை ஏற்றவன் யார்?

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமற் கூற வேண்டும். இவ்வேற்பாட்டின்படி நடந்து இறப்பைப் பெருமளவு குறைத்த மெக்சிகோ மீனவர்க்கு அமெரிக்கச் சந்தையின் முத்திரை கிடைக்கவில்லை. டால்பினை வளைத்த பயணம் எதுவாயினும், ஓர் உயிரும் இறவாவிடினும், அந்தச் சூரைக்கு முத்திரை இல்லை என்பதே அமெரிக்க விதி. இவ்வழக்கு உலக வணிக அமைப்பில் பல்லாண்டுகள் நடந்து 2018 இறுதியில் அமெரிக்காவுக்குச் சார்பாக முடிந்தது. வளைப்பதும் துரத்துவதும் தாமே தீங்கு என்பது அமெரிக்கத் தரப்பு. அதில் பொருள் இல்லாமல் இல்லை. இறப்பு இவ்வளவு குறைந்த பின்னும் டால்பின் கூட்டங்கள் எதிர்பார்த்த அளவு பெருகவில்லை. துரத்தப்படும்போது தாயைப் பிரிந்து போகும் குட்டிகள் பார்வையாளரின் ஏட்டில் ஏறுவதில்லை என்பது ஆய்வாளர் ஐயுறும் காரணங்களுள் ஒன்று. கணக்கில் ஒரு பத்தியைச் சேர்த்த பின்னும், கணக்குக்கு வெளியே ஓர் உயிர் நின்றுகொண்டே இருக்கிறது. எனினும், காப்பதற்கான செலவைக் கடலில் உழைப்பவன் ஏற்க, புண்ணியத்தின் பெயரைக் கடையில் வாங்குபவன் எடுத்துக் கொள்வது நியாயம் ஆகுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் நெறி நம்முடையது. வாங்குபவனும் அத்தட்டில் நிற்பவனே.

ஓர் உயிரைக் காத்து மற்றோர் உயிரைக் கொடுத்தல்

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. முத்திரையை நாடிய கப்பல்கள் டால்பினை விட்டு, மிதக்கும் மரக்கட்டைகளையும் செயற்கை மிதவைகளையும் நாடிச் சென்றன. மிதக்கும் பொருளின் நிழலில் பலவகை உயிர்கள் கூடும் இயல்பு உடையவை. அங்கு வலையை வளைத்தால் டால்பின் சிக்குவது இல்லை எனலாம். ஆனால் முட்டையிடும் பருவம் எய்தாத குஞ்சுச் சூரைகளும், சுறாக்களும், வேறு பல மீன்களும், சில வேளை ஆமைகளும் சிக்குகின்றன. அக்கடலின் மீன்வள ஆணையத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஹால் என்னும் அறிஞர் இதை எண்ணிக்கையிட்டுக் காட்டினார்: ஒரு டால்பின் காக்கப்படும்போது, அதற்கு ஈடாக ஆயிரக்கணக்கான சிறு சூரைகளும், நூற்றுக்கணக்கான பிற மீன்களும், பல சுறாக்களும் மடிகின்றன.

டால்பினின் முகம் மனிதர்க்கு நகைமுகமாகத் தோன்றுகிறது. அது விளையாடுவது நமக்கு இனிக்கிறது. சுறாவுக்கு அந்தப் பேறு இல்லை. சந்தை எண்ணுவது வாங்குபவனின் மனம் உருகும் உயிர்களை மட்டுமே. நம் நெறியிலோ டால்பினும் சுறாவும் சூரையும் ஐம்பொறியுடைய உயிர்களே. நீர்வாழ் விலங்கு என்னும் ஒரே வகையின. மேலும், தீங்கற்றது என்னும் முத்திரை பொறித்த அந்த டப்பிக்குள் இருப்பதும் கொல்லப்பட்ட ஓர் உயிரே. தீங்கு குறைந்தது என்று எழுதினால் அது மெய்; தீங்கற்றது என்று எழுதுவது மெய்யன்று. குறைவைக் குறைவு என்றே கூறுதல் வேண்டும். அதற்குக் கொல்லாமை என்று பெயர் சூட்டினால், அகிம்சைக்கு இழுக்கு நேர்வதோடு சத்தியத்துக்கும் இழுக்கு நேர்கிறது.

வீண் போகவில்லை என்னும் மயக்கம்

கருதாக் கொலையைக் குறைக்க மற்றொரு வழியும் கூறப்படுவது உண்டு: எறிவதை விட்டு, பிடித்தது அனைத்தையும் பயன்படுத்துவது. நம் இராமநாதபுரம் கடற்கரையில் உண்ணத் தகாத பொடி மீன்களுக்குச் சங்காயம் என்று பெயர். முன்பு கடலிலேயே எறியப்பட்ட இவை, பின்னர்க் கரைக்கு வந்து உலர்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் சென்றன. உலக அளவிலும் எறியப்படும் எடை குறைந்ததற்கு இத்தகைய பயன்பாடு ஒரு காரணம் என்று 2005ஆம் ஆண்டு அறிக்கையே கூறியது. ஏட்டில் வீணாவது குறைந்தது. இறந்த உயிர் குறைந்ததா? இல்லை. முன்பு விலையில்லாத உயிருக்கு இப்போது விலை பிறந்தது. விலை பிறந்ததும் அதைத் தவிர்க்கும் எண்ணம் தளர்ந்தது. சிறு கண் மடிக்கு ஆதாயம் கிட்டியது. கருதாமல் கொன்றதைக் கருதிக் கொல்வதாக ஆக்கிவிட்டது இவ்வழி. வீணாக்காமை நல்லறமே. ஆனால் பொருளை வீணாக்காமை வேறு, உயிரைக் கொல்லாமை வேறு. முன்னதன் பெயரால் பின்னதை மறந்துவிடக் கூடாது.

உவமைக்குத் திரும்புவோம்

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை காண்போம். கருதாத கொலைக்குப் பொறுப்பு உண்டா? தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமி இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதலே இம்சை என்னும் கருத்தை வைத்தார். பிரமாதம் என்பது வெறும் கொலைக் கருத்து அன்று. விழிப்பின்மையும் அதனுள் அடங்கும். உழவன் மீனவனினும் வேறுபட்டவன் என்ற உவமை, விழிப்போடு உழும் உழவனுக்கே பொருந்தும். தவிர்க்கக் கூடிய கொலையைத் தவிர்க்கும் வழி கண்முன் இருந்தும் செலவுக்கு அஞ்சித் தவிர்க்காதவன், ‘நான் கருதவில்லை’ என்று அந்த உவமைக்குள் ஒதுங்க இயலாது. அறியாமை அறிவாக மாறிய கணத்திலேயே கருதாமை என்னும் நிழல் விலகிவிடுகிறது.

அப்படியாயின் நம் வயல்களை நோக்குவோம். தண்டுத் துளைப்பானைக் கருதித் தெளிக்கும் மருந்து, தவளையையும் சிலந்தியையும் மண்புழுவையும் தேனீயையும் மாய்க்கிறது. வாய்க்கால் வழியே குளத்துக்கு இறங்கி மீனையும் மாய்க்கிறது. அவற்றை நாம் கருதவில்லை. கருதாமல் கொல்லப்பட்ட அச்சிலந்தியும் தவளையுமே பூச்சியை உண்டு பயிரைக் காப்பவை. மருந்துக் கடைச் சீட்டில் மருந்தின் விலை இருக்கிறது. தவளையின் விலை இல்லை. கடலில் எறியப்பட்ட உயிருக்குப் பத்தி இல்லாதது போன்றே நம் கழனிக் கணக்கிலும் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது. பூச்சியின் அளவைக் கண்டு, தேவையான இடத்தில் தேவையான அளவு மட்டும் தெளிப்பவனும், நாள் பார்த்துக் கண்மூடித் தெளிப்பவனும் கருத்தில் ஒருவரே. விழிப்பில் ஒருவர் அல்லர்.

உத்தியோக இம்சை இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாதது என்று நம் ஆசாரியர்கள் இசைவு தந்தது உண்மை. அந்த இசைவு குறைக்கும் கடமையோடு கூடிய இசைவு. அணுவிரதம் என்னும் சொல்லிலேயே அளவு என்னும் எண்ணம் உறைகிறது. முற்றும் துறக்க இயலாதவன் இன்று செய்ததினும் நாளை குறைவாகச் செய்யும் பொருட்டு ஏற்கும் விரதம் அது. ஆதலின், ‘மீன் பிடிப்பதே பாவம், அதில் டால்பினைக் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன’ என்று அலட்சியமாகப் பேசுவது நம் நெறிக்குப் பொருந்தாது. 1993இல் உயிரோடு வலையை விட்டு வெளியேறிய பல்லாயிரம் உயிர்களுக்கு அது அற்பம் அன்று.

பிரதிக்கிரமணத்தில் நாம் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளை எண்ணிப் பார்க்கிறோம். எண்ணுதல் என்னும் சொல்லுக்கு நினைத்தல் என்றும் கணக்கிடுதல் என்றும் இரு பொருள் உண்டு. கிழக்குப் பசிபிக் கடலின் மீனவர் இரண்டாவது பொருளில் எண்ணத் தொடங்கியதும் முதற் பொருளும் தானே வந்து சேர்ந்தது. பொது வரம்புக்குள் ஒளிந்து கொள்ளாமல் தன் பெயரில் தனிக் கணக்கு வைத்ததே அவர்கள் செய்த மாற்றம். சிராவக அன்பர்களும் தத்தம் தொழிலில், வயலில், அடுக்களையில், வாங்கும் பொருளில், தாம் கருதாமல் மாயும் உயிர் எது, அதைக் குறைக்கத் தாம் ஏற்க வேண்டிய செலவு எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் தம் பெயரில் எழுதிப் பார்ப்பாராக. எழுதிய தொகை பெரிதாயினும் அஞ்ச வேண்டுவதில்லை. எழுதப்பட்ட தொகையைத்தான் குறைக்க முடியும்.